படம் கொடுப்பவன் பக்கத்திலிருந்து ஸ்டாக் தளங்களைப் பார்த்தால்

ஸ்டாக் போட்டோ தளங்களை, அதாவது யார் எடுத்த படத்தையும் வைத்து அதைப் பயன்படுத்தும் உரிமத்தை விற்கிற இணையக் கடைகளை, பற்றித் தேடினால் கிடைக்கிற விமர்சனங்களில் பெரும்பாலானவை படம் வாங்குகிறவருக்காக எழுதப்பட்டவை. எதில் சந்தா மலிவு, மாதத்துக்கு எத்தனை படம் இறக்கலாம், இப்படிப் போகும். படத்தை எடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறவனுக்கு இந்தக் கடைகள் எப்படி என்று எழுதுகிறவர்கள் குறைவு. எழுதுகிறவர்களிலும் பாதிப் பேர் தங்கள் பரிந்துரை இணைப்பில் யாராவது வந்து சேர மாட்டார்களா என்ற ஆசையில்தான் எழுதுகிறார்கள். நான் பல வருடமாக ஓய்வு நேரத்தில் ஸ்டாக் படம் விற்கிறேன். முழுநேரப் பிழைப்பு இல்லை, பெரிதாகச் சம்பாதித்தவனும் இல்லை. ஒரு காலத்தில் ஏழு தளங்களில் கணக்கு வைத்திருந்தேன், இப்போது புதுப் படம் ஏற்றுவது மூன்றில் மட்டும். அந்த மூன்றும் எப்படி, மற்றவற்றில் யாருக்கு எது சரிப்படும், ஏஐ வந்த பிறகு எந்த மாதிரிப் படம் கொடுத்தால் இன்னும் விற்கிறது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

முழுசும் படிக்க நேரமில்லாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடோபி ஸ்டாக், அலாமி இரண்டிலும் கணக்கு இருக்கட்டும். ஷட்டர்ஸ்டாக்கைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஆனால் நான் தளத்தை மாற்றியபோது வருமானத்தில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை, எடுக்கிற படத்தை மாற்றிய பிறகுதான் தெரிந்தது. அதனால் இந்த விமர்சனம் பாதியில் தளத்தை விட்டுப் படத்துக்குள் போய்விடும், அப்படிப் போனால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கொஞ்சம் பழைய கதை. 2000இல் ஐஸ்டாக்போட்டோ தொடங்கியபோது அது படங்களை இலவசமாகப் பரிமாறிக்கொள்கிற இடமாகத்தான் இருந்தது, பிறகுதான் சில்லறைக் காசுக்கு விற்க ஆரம்பித்தார்கள். 2003இல் ஜான் ஓரிங்கர் தான் எடுத்த சுமார் 30,000 படங்களை வைத்து ஷட்டர்ஸ்டாக்கைத் தொடங்கி, சந்தா கட்டினால் இறக்கிக்கொள்ளலாம் என்ற முறையைக் கொண்டுவந்தார். 2006இல் பெரிய ஸ்டாக் நிறுவனமான கெட்டி இமேஜஸ் 5 கோடி டாலருக்கு ஐஸ்டாக்கை வாங்கியது. அதுவரை ஒரு படத்தின் உரிமையை நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்றுக்கொண்டிருந்த தொழில்முறை ஆட்கள், எங்களைப் போன்ற பகுதிநேரக்காரர்கள் வந்து பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டதாகத் திட்டினார்கள். அவர்கள் சொன்னது தப்பில்லை. இப்போது அதே வசனத்தை நாங்கள் ஏஐயைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், வசனம் மட்டும் மாறவே இல்லை.

இரண்டுக்கும் நடுவில் இலவசத் தளங்கள் வந்தன. 2013இல் வந்த அன்ஸ்பிளாஷ் 2021இல் கெட்டியின் கைக்குப் போனது, பெக்சல்ஸும் பிக்ஸாபேயும் 2019இல் டிசைன் கருவி விற்கிற கேன்வாவின் கைக்குப் போயின. அதாவது காசுக்கு விற்கிற கடைக்காரனே பக்கத்தில் சும்மா கொடுக்கிற கடையையும் நடத்துகிறான். இந்த இலவசத் தளங்களில் படம் போடுவதைப் பற்றி எனக்கு நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. பெயர் தெரிய வேண்டும், யாராவது பார்த்துவிட்டு வேலைக்குக் கூப்பிட வேண்டும் என்றால் நல்லதாகப் பத்துப் படம் போடுங்கள். ஆயிரம் போட்டால் உங்கள் சரக்குக்கு நீங்களே போட்டி.

சரி, தளங்களுக்கு வருவோம்.

ஷட்டர்ஸ்டாக். இங்கே உங்கள் பங்கு எவ்வளவு என்பதை 2020 ஜூன் 1 முதல் ஆறு படிநிலைகளாக வைத்திருக்கிறார்கள். ஒரு வருடத்தில் முதல் 100 இறக்கம் வரை 15 சதவீதம், 250 வரை 20, 500 வரை 25, 2,500 வரை 30, 25,000 வரை 35, அதற்கு மேல் 40. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் எல்லோரும் முதல் படிக்குத் திரும்ப வேண்டும், போன வருடம் நீங்கள் எவ்வளவு உயரத்தில் இருந்தீர்கள் என்பதற்கு மரியாதை கிடையாது. இதை அறிவித்தபோது பெரிய கலவரமே நடந்தது, பலர் தங்கள் படங்களை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இந்த முறை சின்ன ஆட்களுக்கு என்ன செய்யும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 300 படம் இறங்குகிறது, எல்லாம் ஒரே விலை என்று வைத்துக்கொள்வோம். முதல் 100க்கு 15 சதவீதம், அடுத்த 150க்கு 20, கடைசி 50க்குத்தான் 25. சராசரி 19 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். விளம்பரத்தில் தெரிகிற 40ஐப் பார்த்து யாரும் உள்ளே போக வேண்டாம், அது வருடத்துக்கு 25,000 இறக்கம் தாண்டுகிற ஸ்டூடியோக்களுக்கு. பெரிய சந்தா வைத்திருக்கிற வாங்குபவர் இறக்கினால் உங்களுக்கு வருவது 10 சென்டாகக்கூட இருக்கலாம், குறைந்தபட்சமே அதுதான்.

அப்படியென்றால் ஏன் அங்கே இன்னும் இருக்கிறேன்? கூட்டம் அங்கே இருக்கிறது. தினமும் ஏதாவது விற்கிற மாதிரி ஒரு உணர்வைத் தருகிற கடை அது, அந்த உணர்வுக்கு மயங்கக் கூடாது என்றாலும், எந்த மாதிரிப் படம் எந்த மாதத்தில் போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள இவ்வளவு வேகமாகத் தகவல் தருகிற இடம் எனக்கு வேறு அமையவில்லை. புதிதாக ஒரு விஷயத்தை எடுத்துப் பார்க்கிறேன் என்றால் அதிலிருந்து நான்கைந்து படத்தை அங்கே போட்டு ஆழம் பார்ப்பேன். கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தம் கேட்பது மாதிரி. நல்லது என்று தெரிந்தால் மீதி முப்பதும் வேறு இடத்துக்குப் போகும்.

அடோபி ஸ்டாக் அந்த "வேறு இடங்களில்" ஒன்று. ஃபோட்டோலியா என்ற தளத்தை 80 கோடி டாலருக்கு வாங்குவதாக அடோபி 2014 கடைசியில் அறிவித்தது, 2015இல் அதையே அடோபி ஸ்டாக் ஆக்கியது. இங்கே படிக்கட்டு எதுவும் இல்லை. போட்டோவுக்கு 33 சதவீதம், வீடியோவுக்கு 35, ஜனவரியிலும் அதேதான், டிசம்பரிலும் அதேதான். கணக்கில் 25 டாலர் சேர்ந்தால் எடுக்கலாம். இதன் உண்மையான பலம் சதவீதம்கூட இல்லை, ஃபோட்டோஷாப், இன்டிசைன் உள்ளேயிருந்தே தேடி வாங்க முடிவதுதான். வாங்குகிறவர் பெரும்பாலும் வேலை நடுவில் இருக்கிற டிசைனர். அவருக்கு எழுத்து வைக்க இடம் வேண்டும், பின்னணி வெட்டி எடுக்க எளிதாக இருக்க வேண்டும், ஒரே பொருள் படுக்கைவாக்கிலும் நெடுக்குவாக்கிலும் வேண்டும். இது புரிந்த பிறகு எந்தப் பொருளை எடுத்தாலும் ஒரு பக்கம் காலியாக விட்டு ஒரு படம் எடுப்பது பழக்கமாகிவிட்டது. அழகுக்காக எடுத்த படம் ஒன்றிரண்டு விற்கும், இடம் விட்டு எடுத்த படம் நின்று விற்கும்.

கீவேர்ட், அதாவது தேடுகிறவருக்குப் படம் கிடைக்க நாம் சேர்க்கிற சொற்கள், அந்த விஷயத்திலும் இந்தத் தளம் கண்டிப்பு. 49 வரை போடலாம், ஆனால் வரிசை முக்கியம், முதல் பத்துக்குத்தான் மதிப்பு அதிகம். பழைய பழக்கத்தில் அகர வரிசைப்படி கீவேர்ட் போட்டு வைத்திருந்த என் பழைய படங்கள் அங்கே கிணற்றில் போட்ட கல்லாகவே கிடந்தன. ஒரு வாரம் உட்கார்ந்து அதில் நூறு படத்துக்கு மட்டும் வரிசையை மாற்றினேன், படத்தில் இருப்பது முதலில், அது என்ன செய்கிறது என்பது அடுத்து, எதற்குப் பயன்படும் என்பது கடைசியில். அந்த நூறில் சில படம் உயிர்பெற்று எழுந்தன. எல்லாம் இல்லை, சில.

குறையும் இருக்கிறது. 2022 டிசம்பரில் ஏஐ உருவாக்கிய படங்களையும் ஏற்றுக்கொள்வதாக, ஆனால் அப்படிக் குறித்துத் தர வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு வந்த வெள்ளத்தில் சாதாரணப் படம் மேலே வருவது கஷ்டம்தான். வாங்குபவர் தேடும்போது ஏஐ படங்களை விலக்கிவிட ஒரு வடிகட்டி இருக்கிறது, ஆறுதல் அவ்வளவுதான். ஃபயர்ஃபிளை என்ற தங்கள் படம் உருவாக்கும் ஏஐக்கு நம்முடைய படங்களைக் கொண்டு பயிற்சி கொடுத்தார்கள், 2023இல் அதற்கு ஒரு போனஸும் கொடுக்க ஆரம்பித்தார்கள். போனஸ் வேண்டாம், என் படத்தையும் எடுக்காதே என்று சொல்கிற வசதி அங்கே இல்லை. ஷட்டர்ஸ்டாக்கில் கணக்கு அமைப்புக்குள் போய் விலகிக்கொள்ள ஒரு பொத்தான் இருக்கிறது, தெரியாதவர்கள் போய்ப் பாருங்கள், விலகுவதா இருப்பதா என்பது உங்கள் இஷ்டம். கெட்டி வேறு வழியில் போனது: 2022 செப்டம்பரிலேயே ஏஐ படங்களை ஏற்க மாட்டோம் என்று சொன்னது, 2023இல் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் உருவாக்கும் ஏஐயை விட்ட ஸ்டெபிலிட்டி ஏஐ மீது லண்டனிலும் அமெரிக்காவிலும் வழக்குப் போட்டது, அதே வருடம் என்விடியாவுடன் சேர்ந்து தன் சொந்தக் கிடங்கை வைத்து ஒரு ஏஐ கருவியையும் விட்டது. கொள்கை ஒரு பக்கம், வியாபாரம் ஒரு பக்கம். 2025 ஜனவரியில் கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் இணையப் போவதாகவும் அறிவித்தன. இரண்டு கடையிலும் ஒரே படத்தை வைத்து விற்கிறவர்கள் இதை எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அலாமிக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த கடை, ஆனால் பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். இங்கிலாந்தில் 1999இல் தொடங்கியது, 2020 முதல் அங்குள்ள செய்தி நிறுவனமான பிஏ மீடியா குழுமத்தின் கையில் இருக்கிறது. மற்ற இடங்களில் "இதற்கு வணிக மதிப்பு இல்லை", "இதே மாதிரி ஏற்கெனவே நிறைய இருக்கிறது" என்று திருப்பி அனுப்புகிற படத்தையெல்லாம் இங்கே எடுத்துக்கொள்வார்கள், தொழில்நுட்பத் தரம் மட்டும் சரியாக இருந்தால் போதும். அந்தத் தரச் சோதனையில் ஒரு வினோதம், அனுப்பிய கட்டில் ஒரு படம் தோற்றால் கட்டு முழுவதும் திரும்பிவிடும். அதனால் ஒவ்வொரு படத்தையும் நூறு சதவீத அளவில் பெரிதாக்கி மூலைமூலையாகப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன், இந்தப் பழக்கத்தால் மற்ற தளங்களிலும் எனக்குத் திரும்பி வருவது குறைந்தது.

அங்கே வாங்குகிறவர்களில் பாடப்புத்தகம் போடுகிறவர்களும் பத்திரிகைகளும் நிறைய. அவர்கள் தேடுவது "மகிழ்ச்சியான குடும்பம்" இல்லை, குறிப்பிட்ட ஒரு பூச்சி, குறிப்பிட்ட ஒரு கருவி, குறிப்பிட்ட ஒரு கட்டிடத்தின் பின்பக்கம். விற்பனை மெதுவாக வரும், வந்தாலும் பணம் கைக்கு வர வாங்கியவர் கட்டிமுடிக்கும் வரை காத்திருக்க வேண்டும், 50 டாலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்கள். ஒரு விற்பனை மற்ற இடத்து ஐம்பது விற்பனைக்குச் சமமாகவும் இருக்கும், வெறும் சில்லறையாகவும் இருக்கும். 2021இல் அவர்களும் பங்கை மாற்றினார்கள். ஒரு வருடத்தில் உங்கள் படங்கள் மொத்தம் 250 டாலருக்குக்கூட விற்கவில்லை என்றால் 20 சதவீதம், அதைத் தாண்டினால் 40, 25,000 டாலரைத் தாண்டினால் 50. சின்னவனிடம்தான் கூடுதலாக எடுப்பது என்பது இந்தத் தொழிலில் எழுதப்படாத சட்டம் போலிருக்கிறது. இருந்தாலும் நான் போக மாட்டேன். எந்தச் சொல்லைத் தேடியவருக்கு உங்கள் படம் தெரிந்தது, அதைப் பெரிதாக்கிப் பார்த்தாரா என்பதைக் காட்டுகிற ஒரு பக்கம் அங்கே இருக்கிறது. அதைப் படிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. யாரோ முகம் தெரியாத ஒருவர் "துருப்பிடித்த தாழ்ப்பாள்" என்று தேடியிருக்கிறார், என் படம் வந்திருக்கிறது, வாங்காமல் போயிருக்கிறார். ஏன் போனார் என்று யோசித்தாலே அடுத்த படம் கொஞ்சம் நன்றாக வரும். தாழ்ப்பாள் மூடியிருந்தது, அவருக்குத் திறந்தது வேண்டியிருக்கலாம்.

மற்ற இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஸ்டாக்கில் மற்ற தளங்களிலும் விற்கிறவருக்குப் போட்டோவுக்கு 15 சதவீதம், அங்கே மட்டும் விற்பதாக ஒப்புக்கொண்டால் 25இல் தொடங்கி 45 வரை போகலாம், பணம் எடுக்க 100 டாலர் சேர வேண்டும். அந்த ஒப்புதல் ஒரு படத்துக்கு என்று இல்லை, உங்கள் ராயல்டி-ஃப்ரீ போட்டோ (ஒரு தடவை காசு கொடுத்தவர் பல தடவை பயன்படுத்தலாம் என்ற வகை) எல்லாவற்றுக்கும் சேர்த்து. மாதம் நூற்றுக்கணக்கில் தயாரிக்கிறவர் யோசிக்கலாம், என்னைப் போன்றவருக்கு எல்லா முட்டையும் ஒரே கூடையில் வைக்கத் துணிச்சல் இல்லை. ஸ்டாக்ஸி வேறு ரகம். ஐஸ்டாக்கைத் தொடங்கிய ப்ரூஸ் லிவிங்ஸ்டனும் பிரியானா வெட்லாஃபரும் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவு, படம் கொடுப்பவர்களே பங்குதாரர்கள், சாதாரண உரிமத்தில் 50 சதவீதம், விரிவான உரிமத்தில் 75. கேட்கவே குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும், அங்கே கொடுத்த படத்தை வேறெங்கும் விற்கக் கூடாது. ஒரே கண்ணோட்டத்தில், ஒரே ஒளியில் படம் எடுக்கிற பிடிவாதக்காரர்களுக்கான இடம் அது. நான் விண்ணப்பிக்கக்கூட இல்லை, என் சரக்கு என்னவென்று எனக்கே தெரியும்.

இனி சரக்கைப் பற்றி.

2022 ஆகஸ்டில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் வெளியானபோது நான் முதலில் செய்த வேலை, என் விற்பனைப் பட்டியலை இறக்கி ஒவ்வொரு படத்தையும் பார்த்து "இதை இயந்திரம் செய்துவிடுமா" என்று குறித்தது. கைகுலுக்கும் இரண்டு பேர், வெள்ளை மேசையில் லேப்டாப்பும் காபிக் கோப்பையும், எரியும் பல்பு, மங்கலான விளக்குகளின் பின்னணி. செய்துவிடும், செய்துவிடும், ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. என் பட்டியலின் மேல்பாதி அப்படியே போனது. கீழ்ப்பாதியில் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் விற்கிற, நான் மதிக்காத படங்கள் கிடந்தன. ஒரு சைக்கிள் சங்கிலியைக் கழற்றி மாட்டுவதை வரிசையாக எடுத்த பதினான்கு படம். ஒரு சதுப்பு நிலத்துப் பூச்சி. ஒரு ஆமணக்குச் செடி. இயந்திரத்துக்கு இவை வராது என்று சொல்ல மாட்டேன், வரும், ஆனால் தப்பாக வரும். தப்பாக இருந்தால் வாங்குபவருக்குப் பயன் இல்லை என்கிற இடம்தான் நமக்கு மிச்சமிருக்கிற இடம்.

ஆமணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கையை விரித்த மாதிரி இலை, முள்முள்ளாகக் காய், காய்க்குள் மூன்று விதை, ஒவ்வொரு விதையின் மேலும் வேறு வேறு கோலம். எண்ணெய் பற்றி எழுதுகிறவருக்கு இது வேண்டும், விதையில் உள்ள ரிசின் என்ற நஞ்சைப் பற்றி எழுதுகிறவருக்கும் வேண்டும், தாவரவியல் பாடம் போடுகிறவருக்கும் வேண்டும். அவர்களில் ஒருவர்கூட "பசுமை இயற்கை" என்று தேட மாட்டார், ரிசினஸ் கம்யூனிஸ் என்று அறிவியல் பெயரைப் போட்டுத் தேடுவார். முதல் தடவை நான் கொடுத்தது ஒரே ஒரு படம், தலைப்பு "வெயிலில் பச்சை இலைகள்". அதை யாரும் சீண்டவில்லை. பிறகு அதே செடிக்குத் திரும்பிப் போய், முளை, இளம் இலை, முதிர்ந்த இலை, ஆண் பூவும் பெண் பூவும் ஒரே தண்டில் இருப்பது, பச்சைக் காய், காய்ந்து வெடித்த காய், அளவுகோல் பக்கத்தில் விதை என்று சில மாதத்தில் முப்பது படம் சேர்த்தேன். தலைப்பில் பெயரும் பகுதியும் நிலையும் எழுதினேன். அந்தச் செடி எனக்கு என் எல்லாக் கைகுலுக்கல்களையும்விட இப்போது அதிகம் தருகிறது. (தளம் தானாகப் பரிந்துரைக்கிற கீவேர்டை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒரு கருவி என் ஆமணக்கு இலையை மேப்பிள் என்றது, இன்னொன்று கஞ்சா என்றது. இரண்டாவதை விட்டிருந்தால் இறக்கம் அதிகமாகியிருக்கும், என் பெயர் கெட்டிருக்கும்.)

இப்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆழமாகப் போவதற்கு நீங்கள் தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. உங்களுக்கு ஏற்கெனவே நுழைவு இருக்கிற இடம் ஏதாவது இருக்கும். பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவருக்கு அந்தக் கருவிகளின் சரியான பெயர் தெரியும், எந்தக் கையில் எப்படிப் பிடிப்பார்கள் என்று தெரியும். ஏஐ படத்தில் கருவி தலைகீழாக இருந்தால் சாதாரண ஆளுக்குத் தெரியாது, பல் மருத்துவருக்கான இதழ் நடத்துகிறவர் பார்த்தவுடன் தூக்கிப் போட்டுவிடுவார். வெல்டிங் பட்டறை, தேனீப் பெட்டி, காது கேட்கும் கருவி, சக்கர நாற்காலியில் இருப்பவர் உண்மையில் பேருந்தில் எப்படி ஏறுகிறார் என்பது, இதெல்லாம் அப்படித்தான்.

ஆட்கள் இருக்கிற படத்துக்கு மாடல் ரிலீஸ் (படத்தில் இருப்பவர் கையெழுத்திட்ட சம்மதம்) வாங்குங்கள், கூச்சப்படாமல் வாங்குங்கள். கையெழுத்து இருந்தால் அது விளம்பரத்துக்கும் போகும், இல்லையென்றால் செய்தி, பாடம் போன்றவற்றுக்கான எடிட்டோரியல் என்ற பிரிவில் மட்டும்தான் போகும். ஏஐ முகங்களைப் பார்த்து அலுத்துப்போன வாங்குபவர்களுக்கு, சம்மதம் கொடுத்த உண்மையான மனிதர், அதுவும் வயதானவர், சுருக்கத்தோடு இருக்கிறவர், வேலை செய்துகொண்டிருக்கிறவர் என்பது இப்போது ஒரு தனி மதிப்பு. எடிட்டோரியலில் போடுவதானால் படத்தில் எதையும் அழிக்கவோ சேர்க்கவோ கூடாது, எங்கே, எப்போது எடுத்தது, என்ன நடந்தது என்பதை விளக்கத்தில் நேராக எழுத வேண்டும். இரவில் விளக்கு எரியும் ஐஃபெல் கோபுரம் மாதிரி, விளக்கமைப்புக்கே பதிப்புரிமை இருக்கிற விஷயங்களும் உண்டு. பகலில் எடுத்தால் பிரச்சினை இல்லை, ராத்திரி எடுத்தால் வணிகப் பயன்பாட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ரா ஃபைலை, அதாவது கேமரா பதிவு செய்த திருத்தாத மூலக் கோப்பை, தூக்கிப் போடாதீர்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு தளம், பெயர் வேண்டாம், என் விதை குளோசப் படங்களை ஏஐ உருவாக்கியதாகத் தெரிகிறது என்று மொத்தமாகத் திருப்பி அனுப்பியதோடு கணக்கையும் இரண்டு வாரம் நிறுத்திவைத்தது. ரா ஃபைலையும் அதே நாளில் அடுத்தடுத்து எடுத்த மற்ற படங்களையும் அனுப்பிய பிறகுதான் திறந்தார்கள், வருத்தம் தெரிவித்து ஒரு வரிகூட இல்லை. கோபம் ஆறிய பிறகு படத்தைத் திரும்பப் பார்த்தேன். இரைச்சலை நீக்குகிற ஒரு மென்பொருளில் மொழுமொழுவென்று தேய்த்து வைத்திருந்தேன், விதை பிளாஸ்டிக் மாதிரிதான் இருந்தது. அப்போதிலிருந்து கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். இது எந்தக் கேமராவில் எடுத்தது என்று எடுத்த நொடியிலேயே கேமரா முத்திரை குத்தித் தருகிற கன்டென்ட் கிரெடென்ஷியல்ஸ் வசதி 2023 அக்டோபரில் லைக்காவின் எம்11-பி கேமராவில் முதன்முதலில் வந்தது. அந்த விலைக்கு ஒரு வருடத்து ஸ்டாக் வருமானம் போதாது, ரா ஃபைல்தான் இப்போதைக்கு என் முத்திரை.

வரி விஷயம் ஒன்று. அமெரிக்கத் தளங்களில், வெளிநாட்டவர் கொடுக்க வேண்டிய டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவத்தை நிரப்பவில்லை என்றால், அல்லது உங்கள் நாட்டுக்கு அமெரிக்காவோடு வரி ஒப்பந்தம் இல்லை என்றால், அமெரிக்காவில் நடந்த விற்பனையிலிருந்து 30 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். படிவம் கையெழுத்திட்ட வருடத்துக்குப் பிறகு மூன்றாவது வருடத்தின் கடைசி நாள் வரைதான் செல்லும். மறந்துபோய் ஒரு ஜனவரியில் வெட்டு விழுந்ததைப் பார்த்துத் தளத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன், தப்பு என்மேல்.

சொந்தமாக விற்கலாமே என்று கேட்பார்கள். முடியும். 2020 ஆகஸ்ட் முதல் கூகுள் படத் தேடலில், உரிமம் எங்கே கிடைக்கும் என்ற தகவலைப் படக் கோப்புக்குள்ளேயே பதியும் ஐபிடிசி மெட்டாடேட்டா என்ற குறிப்புகளில் எழுதியிருந்தால், படத்தின் மேல் "உரிமம் பெறலாம்" என்று ஒரு சின்ன அடையாளம் வரும். என் ஆமணக்குப் பக்கத்துக்கு அப்படி வந்து கேட்டவர்கள் இதுவரை மூன்று பேர். மூன்று பேரிடமும் பேரம் பேசவே எனக்குக் கை நடுங்கியது, ஆனால் அந்த மூன்றும் சேர்ந்து ஷட்டர்ஸ்டாக்கில் வருடம் முழுக்க வந்ததைத் தாண்டிவிட்டன. இதை நம்பித் தளத்தை விட்டுவிடலாம் என்று சொல்ல மாட்டேன், மூன்று என்பது மூன்றுதான்.

கடைசியாக, ஏழில் நான்கை விட்டேன் என்றேன் இல்லையா, உண்மையில் மூடியது மூன்றைத்தான். நான்காவதில் கொஞ்சம் பணம் கிடக்கிறது, எடுப்பதற்கான எல்லையைத் தொட இன்னும் ஆறு டாலர் வேண்டும், மூடினால் அது போய்விடும். எந்தத் தளத்தையும் விடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள், சேரும்போது யாரும் இந்த விதியைப் படிப்பதில்லை. புதுப் படம் எதுவும் போடாமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் அதில் ஒன்று விற்றிருக்கிறது, 12 சென்ட். எது என்று போய்ப் பார்த்தேன். கைகுலுக்கும் இரண்டு பேர்.